வாசகர் கேள்வி – பதில்: வன்னியிலிருந்து தெல்லிப்பழை வரை

புற்றுநோய் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். வன்னியின் எல்லாப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஊர்ப்பெயர் மட்டுமே போடுகிறோம். சொந்தப் பெயர் வெளியே வரவேண்டாம் என்று அநேகமானோர் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. இடது மார்பில் கட்டி ஒன்று, நோவு இல்லை. எங்கே முதலில் காட்டுவது? "கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினாலும் பரவும்" என்று சொந்தக்காரர் சொல்லி அம்மாவைப் பயப்படுத்திவிட்டார்கள். — மல்லாவி

நோவு இல்லாததால்தான் அவசரமாகக் காட்டவேண்டும். மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் மாதவிடாய் நின்ற வயதில் புதிதாக வந்த நோவில்லாத கட்டியை அந்தப் பெரும்பாலானவற்றில் ஒன்றென்று தொட்டுப் பார்த்து முடிவுகட்ட யாராலும் முடியாது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் தெல்லிப்பழையில் இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நேரே போகவேண்டியதில்லை. போனாலும் நோய் இன்னதென்று உறுதியாகாமல் அங்கே சிகிச்சை தொடங்காது. மல்லாவி ஆஸ்பத்திரியில் காட்டி, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். முல்லைத்தீவுப் பக்கத்தவர்களுக்கு மாஞ்சோலையில் இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரி. வவுனியா, மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு அந்தந்த மாவட்ட ஆஸ்பத்திரி. அங்கே மூன்று விடயம் நடக்கவேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் கையால் பரிசோதிப்பது ஒன்று. இரண்டாவது ஸ்கான் அல்லது மமோகிராம் (மார்புக்கென்றே எடுக்கிற எக்ஸ்ரே). வயது குறைந்தவர்களுக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் ஸ்கான்தான் முதலில், அம்மாவின் வயதில் மமோகிராம் பயன் தரும். மூன்றாவது ஊசியால் திசு எடுத்துப் பார்க்கிற பயொப்சி. மூன்றும் ஒரே முடிவைச் சொன்னால்தான் "பயமில்லை" என்று சொல்லலாம். ஸ்கான் மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற பிழை.

ஊசி குத்தினால் பரவும் என்பது உண்மையல்ல. அந்த எண்ணம் எப்படி வந்ததென்றால், முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு அங்கே பயொப்சி எடுத்தார்கள், பிறகு அவர்கள் இறந்தார்கள். ஊரார் கண்ணில் பட்டது கத்திதான், அதற்கு முன்னால் வீட்டில் கழிந்த எட்டு மாதமும் கணக்கில் வரவில்லை. மாறாக, என்ன வகை என்று தெரியாமல் கட்டியை வெட்டி எடுத்து, எடுத்த திசுவை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் விடுவதுதான் கேடு. எங்கே வெட்டினாலும் "இதைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா, இலக்கம் என்ன?" என்று கேட்டு அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போட் வரச் சில வாரம் எடுக்கலாம். இங்கேதான் சங்கிலி அறுகிறது. ரிப்போட் ஆஸ்பத்திரிக்கு வந்து கிடக்கும், "வந்தால் அறிவிப்பார்கள்" என்று வீட்டில் காத்திருப்பார்கள். அறிவிப்பு வராது என்று வைத்துக்கொண்டு, திகதி கேட்டு, அந்த நாளில் நீங்களே போய்க் கேளுங்கள்.

பிறகு தெல்லிப்பழைக்குப் போகிற முதல் நாளுக்கு ஒரு பிளாஸ்ரிக் பைல் வைத்திருங்கள்: அனுப்பிய கடிதம், பயொப்சி ரிப்போட்டின் மூலப் பிரதி, அதன் இலக்கம், ஸ்கான் படங்கள் அல்லது சீடி, ஆஸ்பத்திரியில் நின்றிருந்தால் வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் காட், அடையாள அட்டை, குடிக்கிற மற்ற மருந்துகளின் பட்டியல். மார்புப் புற்றென்றால் ரிப்போட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹேர்-2 என்று மூன்று முடிவு இருக்கவேண்டும். எந்த மருந்து என்பதை அவைதான் தீர்மானிக்கும். அவை இல்லாமல் போனால் மறுபடி காத்திருக்க நேரும். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்தும் வையுங்கள். மழைக்காலத்தில் பைல் நனைந்து மை கரைவது சின்ன விடயமில்லை.

கேள்வி: அப்பா வெத்திலை போடுவார், ஆனால் புகையிலை சேர்ப்பதில்லை. இப்போது உறைப்புச் சாப்பிட வாய் எரிகிறது, வாயை முழுக்கத் திறக்க முடியவில்லை. வெறும் பாக்கால் இப்படி வருமா? — ஒட்டுசுட்டான்

வரும். புகையிலை சேராவிட்டால் ஆபத்தில்லை என்பது தவறான எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் பாக்கைத் தனியாகவே, புகையிலை இல்லாமலே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய்தான்.

நீங்கள் எழுதிய அறிகுறிகள் வாயின் உள்தோலுக்குக் கீழே நார் இறுகிப்போகும் நிலைக்குப் பொருந்துகின்றன. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் அந்த நாரை அளவுக்கு மிஞ்சி வளரவைக்கிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு போலத் தட்டுப்படும். வாய் திறக்கும் அளவை வீட்டிலேயே பார்க்கலாம். தன் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பார்க்கட்டும். மூன்று நுழையவேண்டும். இரண்டுதான் நுழைகிறதென்றால் இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் போகவேண்டும். இறுகின நார் பழையபடி இளகாது. ஆனால் பாக்கை இன்றே விட்டால் மேலும் இறுகுவது நிற்கலாம். வாய்ப் பயிற்சியும் ஊசியும் கொடுப்பார்கள். இந்த நிலை புற்றாக மாறக்கூடியது என்பதால் வருடக்கணக்காகக் கிளினிக்குக்குப் போய்வரவேண்டும்.

வெத்திலை போடுகிற எல்லோரும் மாதம் ஒருமுறை செய்யக்கூடியது: கை கழுவி, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டின் உட்புறம், இரு கன்னத்தின் உட்புறம், முரசு (ஈறு), மேலண்ணம், நாக்கின் மேல், பக்கங்கள், நாக்கைத் தூக்கி அதன் கீழ் என்று வரிசையாகப் பாருங்கள். நாக்கின் பக்கங்களும், வெத்திலை அடக்கி வைக்கிற கன்னமும் முக்கியம். பிறகு கழுத்தின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த படை, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் நெறிக்கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். சிவந்த படை வெள்ளையைவிட ஆபத்தானது, ஆனால் பார்க்கப் பெரிதாகத் தெரியாததால் கவனியாமல் விடுகிறார்கள். பூண்பல்லோ உடைந்த பல்லோ உரசி வந்த புண் என்றால், அந்தக் காரணத்தைச் சரிசெய்த இரண்டு கிழமையில் ஆறிவிடவேண்டும். ஆறாவிட்டால் அது வெறும் உரசல் புண் இல்லை.

புகையிலை கலந்த மெல்லும் பக்கற்றுகளை இலங்கை அரசு 2016இல் தடைசெய்தது. ஆனாலும் மாவா என்று கடைக்குப் பின்பக்கம் விற்பது இன்னும் ஓயவில்லை, அதுவும் பள்ளிக்கூடப் பெடியளுக்கு. புகையிலையைக் கைவிட உதவி வேண்டுமென்றால் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பாக்கை விடுவது வேறு விதமாகக் கஷ்டம். வயலில் நிற்கிற நேரம் வாய் எதையாவது தேடும். சோம்பு, கராம்பு, ஏலக்காய் எது கைகொடுக்கிறதோ அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். வெறும் சுண்ணாம்பு வெத்திலை என்று சமரசம் செய்யவேண்டாம், பாக்கு மறுபடி வந்து சேர்ந்துவிடும்.

கேள்வி: 2009இல் காயப்பட்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. உடம்பில் இன்னும் சிதறல் துண்டுகள் இருக்கின்றன. அவற்றால் புற்றுநோய் வருமா? பொய்க்கால் உரசுகிற இடத்தில் ஒரு புண் பல வருடமாக ஆறி ஆறி வருகிறது. — புதுக்குடியிருப்பு

இரண்டு கேள்வியையும் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நீங்கள் பயப்படுவது முதலாவதுக்கு, கவனிக்கவேண்டியது இரண்டாவதை.

சதைக்குள் அமைதியாகக் கிடக்கிற இரும்புத் துண்டுகளைப் புற்றுநோய்ப் பயத்துக்காக வெட்டி எடுக்கவேண்டியதில்லை. தேடி வெட்டுவதால் நரம்பு, இரத்தக் குழாய் சேதமாகும் ஆபத்துத்தான் பெரிது. சீழ் வைத்தால், மூட்டுக்குள் இருந்தால், நரம்பை அழுத்தி விறைப்போ நோவோ கொடுத்தால் எடுப்பார்கள். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், உடம்பில் துண்டு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்தக் கருவி பெரிய காந்தம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் காந்தத்துக்கு இழுபடும் துண்டு இருந்தால் நகர்ந்து பெரிய சேதம் செய்யலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சி.ரி. ஸ்கானுக்கு மாற்றுவார்கள். சி.ரி.க்கு அந்தத் தடை இல்லை.

இனி அந்தப் புண். பல வருடம் ஆறாமல் கிடக்கிற புண், எரிகாயத் தழும்பு, எலும்பிலிருந்து சீழ் வடிகிற ஓட்டை, மொட்டைக் காலில் உரசல் புண்: இவற்றில் காலப்போக்கில் தோல் புற்று வரலாம். அதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். பெரும்பாலும் காயம் ஏற்பட்டு இருபது முப்பது வருடத்துக்குப் பிறகுதான் வரும், சிலருக்கு அதற்கு முன்பே. 2009க்குப் பிறகு எத்தனை வருடம் ஓடிவிட்டது என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பிரதேசத்தில் இனித்தான் இதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பது புரியும். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பதே எங்கள் குறை.

மாறுகிற புண்ணை அடையாளம் காண்பது இப்படி: விளிம்பு தடித்து மேலே உருண்டு வரும், நடுவில் பூக்கோவா போலச் சதை வளரும், தொட்டால் இரத்தம் கசியும், வாடை வழக்கத்தைவிட மோசமாகும், நோவு புதிதாக வரும், அல்லது இருந்த நோவு கூடும். கால் புண்ணென்றால் தொடை இடுக்கில் நெறிக்கட்டி தட்டுப்படும். இவற்றில் ஏதாவது இருந்தால் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் பயொப்சி கேளுங்கள். அதை விளிம்பில், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுக்கவேண்டும். நடுவில் அழுகின திசுவை எடுத்தால் "புற்று இல்லை" என்று பிழையான ரிப்போட் வரும். ரிப்போட் "இல்லை" என்று சொல்லியும் புண் வளர்ந்துகொண்டே போனால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படவேண்டாம். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று மாதம் ஆறாத புண்ணை ஒருமுறை வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

புண் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அநேகமாகப் பொய்க்காலின் கிண்ணம். கால் மெலிந்தாலோ பருத்தாலோ கிண்ணம் பொருந்தாது, உரசும். புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டே அதே கிண்ணத்தைப் போட்டால் ஆறாது. கால் பொருத்திய நிலையத்துக்குப் போய்க் கிண்ணத்தை மாற்றி அளந்து போடுங்கள். புண் ஆறும்வரை ஊன்றுகோல். தோட்ட வேலை நிற்கிறதே என்பது தெரியும், ஆனாலும் வேறு வழி இல்லை.

கேள்வி: மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு ஊசி போடப் போகிறார்களாம். பிள்ளை பிறக்காமல் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். — பூநகரி

போடுங்கள். இது எச்.பி.வி. என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசி. 2017இல் இருந்து நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழுக்குக் காரணமான 16, 18 என்ற இரண்டு வகை வைரசையும் இது தடுக்கிறது. பிள்ளைப்பேற்றைப் பாதிக்காது. உண்மையில் பிள்ளைப்பேற்றைக் கெடுப்பது அந்தப் புற்றும் அதற்கான சிகிச்சையும்தான். இந்த வயதில் ஏன் என்றால், வைரசு உடம்புக்குள் வருமுன் போட்டால்தான் முழுப் பயன். ஊசி போட்டவுடன் சில பிள்ளைகள் பயத்தில் மயங்குவதுண்டு. காலையில் சாப்பிடாமல் போகவிடாதீர்கள், போட்டபின் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேட்டால் போடுவார்கள். இரண்டாவது ஊசியைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம், இடம் மாறிப் போன குடும்பங்களில் முக்கியமாக. புதுப் பள்ளிக்கூடத்தில் ஊசி அட்டையைக் காட்டுங்கள்.

தாய்மாருக்கு: ஊசி மகளுக்கு, பரிசோதனை உங்களுக்கு. 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் எந்த நாள் என்று கேளுங்கள். மாதவிடாய் நாளில் போகவேண்டாம். அதற்கு முந்திய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கிற மருந்தும் வேண்டாம், முடிவு தெளிவாக வராது. வலிக்காது, ஐந்து நிமிடம். முடிவை வாங்க மறக்கவேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுகிறது, உறவின்போது இரத்தம் வருகிறது என்றால் 45 வரும்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

கேள்வி: அண்ணாவுக்குக் கீமோ ஏற்றிப் பத்தாவது நாள் காய்ச்சல் வந்தது. பனடோல் கொடுத்து அடுத்த கிளினிக் வரை வைத்திருக்கலாமா? — நெடுங்கேணி

கூடாது. கீமோ ஏற்றிய ஏழாம் நாளில் இருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளைக் குருதிக்கலம் அடிமட்டத்துக்கு இறங்கும் காலம். அப்போது வருகிற காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளையே கொண்டுபோகக்கூடியது. 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைற், வந்தால் நள்ளிரவென்றாலும் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெல்லிப்பழை வரை ஓடவேண்டாம். நெடுங்கேணிக்கு வவுனியாவோ மாங்குளமோ, எது முதலில் கிடைக்கிறதோ அதற்கு. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ், காசில்லை. உள்ளே போனதும் முதல் வசனமாக "கீமோ எடுத்துப் பத்து நாள், காய்ச்சல்" என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். அப்படிச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் இருத்திவிடுவார்கள். இரத்தப் பரிசோதனையும், ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தால் அன்ரிபயோற்றிக்கும்தான் வேண்டியது.

அளக்காமல் பனடோல் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, கிருமி உள்ளே வளரும். எண் காட்டுகிற டிஜிற்றல் தெர்மாமீற்றர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். உடம்பு நடுங்கிக் குளிர்ந்தால் காய்ச்சல் காட்டாவிட்டாலும் போங்கள். அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவேண்டும், பச்சைச் சம்பல், வெட்டி வைத்த பழம், கடை ஐஸ் வேண்டாம். மாடு ஆடு கட்டுகிற இடம் கூட்டுகிற வேலையையும் வேறு யாராவது பார்க்கட்டும்.

கேள்வி: தொண்டைப் புற்றுக்கு ஏழு கிழமை கறண்ட் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் அறுவடைக்கு ஒரு கிழமை வரலாமா? — முழங்காவில்

வரவேண்டாம். கறண்ட் பிடிப்பது என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சை திங்கள் முதல் வெள்ளி வரை சிறு சிறு அளவாகப் பிரித்துக் கொடுப்பது, நல்ல கலம் இரவோடு இரவாகத் தேறட்டும், புற்றுக்கலம் தேறாமல் போகட்டும் என்ற கணக்கில். சிகிச்சை தொடங்கிச் சில கிழமையில் மிஞ்சிய புற்றுக்கலம் வேகமாகப் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் புற்றிலும் கருப்பைக் கழுத்துப் புற்றிலும் இடைவெளி விட்டால் குணமாகும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும். நெல்லை அண்ணன் தம்பி வெட்டலாம், மெசினுக்குச் சொல்லலாம். கருவி பழுதாகி நாள் தவறினால், அதை எப்படி ஈடுசெய்வது என்று அங்கே கேளுங்கள்.

தொடங்குமுன் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். பிடுங்கவேண்டிய பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு இரண்டு கிழமை முன்பாவது பிடுங்கி ஆறியிருக்கவேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும், இந்த ஆபத்து ஆயுள் முழுக்க உண்டு. பத்து வருடம் கழித்துப் பல் பிடுங்கப் போனாலும் "தாடைக்குக் கறண்ட் பிடித்தது" என்று சொல்லுங்கள். தோலில் போட்ட மை அடையாளத்தை அழிக்காதீர்கள், அந்த இடத்தில் பவுடர், வாசனைச் சோப், சவரக்கத்தி வேண்டாம். விழுங்க முடியாமல் போகும் நாளுக்கு முன்பே குழாயால் உணவு கொடுப்பது பற்றிக் கதையுங்கள். மெலிந்து போனால், கதிர் பிடிக்கும்போது தலை அசையாமல் இருக்கப் போடுகிற முகமூடி அச்சு பொருந்தாது, திரும்ப அளக்கவேண்டிவரும்.

கேள்வி: புற்றுநோய்க்காரர் வீட்டில் தட்டுக் கோப்பை பிரித்து வைக்கவேண்டுமா? — கிளிநொச்சி

வேண்டாம், தொற்றாது. வெளியிலிருந்து கதிர் பிடித்தவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை, குழந்தையைத் தூக்கலாம். கீமோ எடுத்து முதல் இரண்டு நாள் மட்டும் கழிவறையில் இரண்டு தரம் தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி துடைக்கக் கையுறை போடுங்கள். தைரொயிட்டுக்குக் கதிரியக்க அயடின் குடித்தவர்கள் வேறு. அவர்களை எத்தனை நாள் விலகி இருக்கச் சொல்கிறார்களோ அத்தனை நாள் கட்டாயம் இருக்கவேண்டும்.

கேள்வி: முள் அன்னமுன்னா இலை அவித்துக் குடித்தால் கீமோ தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. — செட்டிகுளம்

ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் புற்றுக்கலத்தைக் கொல்வது வேறு, மனித உடம்பில் கொல்வது வேறு. உப்பும் தட்டில் கொல்லும். அந்த மரத்தின் பழத்தையும் இலைத் தேநீரையும் வருடக்கணக்காக உண்கிற குவாதலூப் தீவில் நடுக்குவாதம் போன்ற நரம்பு நோயோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். சித்த வைத்தியரிடம் போவதென்றாலும் போங்கள், ஆனால் என்ன குடிக்கிறீர்கள் என்பதை தெல்லிப்பழையில் மறைக்கவேண்டாம். ஈரல் கெட்டால் கீமோவை நிறுத்தவேண்டி வரும், காரணம் தெரியாமல் அவர்களும் தடுமாறுவார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் புற்றுநோயாளருக்குக் காசு அனுப்புகிறோம் என்கிறார்கள். சங்கம் தொடங்கலாமா, தேசிய அமைப்புக்குக் கொடுப்பதா? எதற்குச் செலவழித்தால் பயன்? — முள்ளியவளை

பெரிய அமைப்பு செய்வது ஒன்று, ஊர்ச் சங்கம் செய்வது இன்னொன்று. 1948இல் தொடங்கிய இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம், கொழும்புக்குக் கிட்ட தேசியப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மகரகமவில் தூர இடத்து நோயாளர் தங்கும் இல்லம் நடத்துகிறது. மகரகமவில் சிகிச்சைக்குப் போகிறவர்கள், பிள்ளையைக் கொண்டு போகிறவர்கள் இப்படியான இல்லங்களை விசாரிக்கவேண்டும், லொட்ஜில் காசைக் கரைக்கவேண்டாம். இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை முடி கொட்டியவர்களுக்கு இலவசமாக விக் தருகிறது. எங்கள் பக்கத்துக்கு மிகப் பெரிதாக வந்தது 2011இல். கலர்ஸ் ஒப் கறேஜ் அறக்கட்டளையின் ஏற்பாட்டில் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கி.மீ. நடந்து காசு சேர்த்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவு அந்தக் காசில் எழுந்தது. 2016இல் எதிர்த்திசையில் நடந்து காலியில் இருக்கிற கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தார்கள். கட்டடம், கருவி, ஆராய்ச்சி எல்லாம் அந்த அளவு ஆட்கள் செய்யவேண்டிய வேலை. அதற்கு உங்கள் காசைப் பெரிய அமைப்பிடமே கொடுங்கள்.

ஊர்ச் சங்கத்தின் இடம் வேறு. சிகிச்சை இலவசம், ஆனால் முள்ளியவளையிலிருந்து தெல்லிப்பழைக்கு இலவசமாகப் போகமுடியாது. பரந்தன் வந்து, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து காங்கேசன்துறை வீதிப் பஸ் பிடித்து, வாந்தியோடு அதே வழியில் திரும்புவது. கூலி வேலைக்குப் போகும் துணையாளுக்கு அந்த நாள் சம்பளமும் இல்லை. மூன்றாவது கீமோவோடு நிறுத்தியவர்களைக் கேட்டால் மருந்துக்குப் பயந்தோம் என்பார்கள், தோண்டிக் கேட்டால் பயணம். ஆகவே முதல் செலவு போக்குவரத்து. ஒரே கிளினிக் நாளில் போகிறவர்களைச் சேர்த்து ஒரு வான் பிடித்தால் ஆளுக்கு ஆகும் செலவு பாதிக்குமேல் குறையும். அதற்கு முதலில் யாருக்கு எந்த நாள் என்று ஒரு கொப்பியில் எழுதவேண்டும், இதைச் செய்யாமல் வான் வாங்கிய சங்கங்கள் வானை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கின்றன.

அடுத்தது தெல்லிப்பழைக்குக் கிட்டத் தங்க ஒரு வாடகை அறை, கறண்ட் பிடிக்கும் ஐந்தாறு கிழமைக்கு. பிறகு பொருட்கள்: குடல் வெளியே எடுத்தவருக்குப் பை, படுக்கைப் புண் வராமல் காற்று மெத்தை, மார்பு எடுத்தவருக்குச் செயற்கை மார்பு வைத்த உள்ளாடை, புரத மா. படுக்கையும் கதிரையும் இரவல் கொடுத்துத் திருப்பி எடுங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்கு என்று சொல்வதும் நடக்கிறது. அப்போது காசைக் கையில் கொடுக்காமல் மருந்துச் சீட்டையும் கிளினிக் கொப்பியையும் பார்த்து பார்மசிக்கு நேரே கட்டுங்கள்.

பிரதேச செயலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, இரண்டு கையெழுத்துடன் வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசிகசாலைச் சுவரில் ஒட்டும் கணக்கு. நோயாளியின் படத்தை முகநூலில் போட்டுக் காசு சேர்க்காதீர்கள். காசு தீர்ந்த பிறகும் அந்தப் படம் நிற்கும், அந்த வீட்டில் கலியாணப் பேச்சு வரும்போது அது முன்னால் வந்து நிற்கும். பஸ்ஸில் போட்டோக் கொப்பிக் கடிதத்தோடு வருகிற சேகரிப்பாளரைச் சந்தேகித்தால் தப்பில்லை. நோயாளியின் ஊர் கேட்டு அந்தப் பிரிவுக் கிராம அலுவலரிடம் விசாரித்தால் உண்மை பொய் வெளிச்சமாகும்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். போடலாமா? — அக்கராயன்

வாசித்து விளங்கிய பிறகு போடலாம். தாள் தமிழில் இருக்கவேண்டும், பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அல்லது ஆஸ்பத்திரியின் ஒழுக்கநெறிக் குழு அனுமதித்தது என்று அதில் எழுதியிருக்கவேண்டும். மூன்றைக் கேளுங்கள்: இது கேள்விக்கொத்தா, மிஞ்சிய திசுவை ஆராய்வதா, புது மருந்தைச் சோதிப்பதா? எனக்கு ஏதாவது செலவு உண்டா? இடையில் விலகினால் என் சிகிச்சை மாறுமா? விலகும் உரிமை எப்போதும் உண்டு, சிகிச்சை மாறக்கூடாது. புது மருந்துச் சோதனையென்றால் இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் இலக்கத்தைக் கேட்கலாம். காசு கட்டச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

அதைவிட எளிதான ஆராய்ச்சி உதவி ஒன்று எல்லோராலும் முடியும். பதிவின்போது யாழ்ப்பாணத்தில் நிற்கும் அக்காவின் முகவரியைக் கொடுக்காமல், அக்கராயன் என்றே நிரந்தர முகவரியைச் சொல்லுங்கள். தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு முகவரியை வைத்துத்தான் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணும். அக்காவின் முகவரி கொடுத்தால் வன்னி நோயாளி யாழ்ப்பாணக் கணக்கில் போவார். பிறகு "கிளிநொச்சியில் நோயாளர் குறைவு" என்று தாள் சொல்லும், அதை வைத்துத்தான் ஆளணியும் கருவியும் பிரிப்பார்கள்.

கேள்வி: மாமிக்கு மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரா? இது கடைசி மருந்தா? — மாங்குளம்

புற்றுநோவுக்கு வைத்தியர் சொன்ன அளவில் எடுப்பவர் அடிமையாவது அரிது. கடைசி மருந்தும் இல்லை. நோவு குறைந்தால் அளவைக் குறைப்பார்கள். நோவு வந்த பிறகு என்று பார்க்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். சாதாரணக் குளிசை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியது மெதுவாகக் கரையும் வகை, அதை உடைக்கவோ அரைக்கவோ கூடாது, ஒரே நேரத்தில் முழு அளவும் இறங்கிவிடும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துத் தாருங்கள் என்று கேளுங்கள். குமட்டலும் தூக்கமும் சில நாளில் அடங்கும். எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மிக மெதுவாதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. பூட்டி வையுங்கள்.

கேள்வி: அரசாங்க உதவிப் பணம் ஏதாவது உண்டா? — வவுனியா வடக்கு

உண்டு. சமூக சேவைகள் திணைக்களத்தின் புற்றுநோயாளர் உதவிப்பணத்துக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கிராம அலுவலர் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, நோயை உறுதிப்படுத்தும் வைத்திய அறிக்கை, வங்கிப் புத்தகப் பிரதி கொண்டு போங்கள். அறிக்கையில் நோயின் பெயர் தெளிவாக இருக்கவேண்டும், "கிளினிக்கில் சிகிச்சை பெறுகிறார்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். பெரிய செலவுக்குச் சனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025இலிருந்து கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிகிச்சை முடிந்த பிறகு போகாதீர்கள், சிகிச்சைச் செலவு மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்தவுடனேயே கொடுங்கள்.